ஓவருக்கு ஆறு பந்து

போன வாரம் வாசுகி போன் செய்தாள். கடலூரில் நான் வேலை பார்த்த சிறுதொழில் பயிற்சி நிலையத்தில் இப்போது அவள்தான் மூத்த பயிற்றுநர். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள்.

"சார், கடைக்காரங்களுக்கு ஆன்லைன்ல விக்கறது எப்படின்னு கிளாஸ் போட்டிருக்கோம். நாப்பது பேரு பேர் குடுத்தாங்க, நாலு பேருதான் வராங்க. அந்த நாள்ல நீங்க கிரிக்கெட்ட வச்சு கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்தீங்களாமே, அது எப்படி சார்?"

எழுதி அனுப்புகிறேன் என்றேன். ஓய்வு பெற்றவனிடம் வாயைக் கொடுத்தால் இதுதான் வம்பு. ஒரு வரி கேட்டால் பத்துப் பக்கம் வரும். வாசுகி, இதோ அந்தப் பத்துப் பக்கம்.

என் ஆரம்பக் கதை சுருக்கமானது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, 1979 ஆகஸ்டில் அந்த நிலையத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். இருபது வருடம் தட்டினேன். பிறகு அலுவலகத்துக்குக் கணினி வந்தது. அதைத் துணி போர்த்தி ஏசி அறையில் வைத்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனோம். கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். விரல் ஓடுகிறவனுக்கு மூளையும் ஓடும் என்று நினைத்தார்களோ என்னவோ, ஆறு மாதப் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது தட்டச்சர் தேவநாதனாகிய நான் கணினிப் பயிற்றுநர் ஆகியிருந்தேன்.

2004 முதல் சிறு தொழில் செய்பவர்களுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை, கடைகளில் ஆள் நடமாட்டம் குறைகிற நேரம். கடலூரில் திங்களும் புதனும், சிதம்பரத்தில் வியாழன். லேத் பட்டறைக்காரர், அச்சக முதலாளி, ஊறுகாய் போடும் அம்மா, பம்ப்செட் ரிப்பேர்காரர் என்று வருவார்கள். நான் பாடத்திட்டம் ஒன்று வைத்திருந்தேன். முதல் நாள் கணினியின் வரலாறு. இரண்டாம் நாள் கணினியின் பாகங்கள், படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும். மூன்றாம் நாள்தான் சுவிட்சைப் போட விடுவேன். மூன்றாம் நாளுக்குள் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று நான்கு வருடம் மனதாரத் திட்டிக்கொண்டிருந்தேன். மீதிப் பேர் ஊரில் எங்காவது மேட்ச் நடந்தால் வரமாட்டார்கள். எனக்குக் கிரிக்கெட் என்றாலே ஆகாது. எங்கள் தெருவில் மட்டை பிடித்த அத்தனை பேரும் என் சைக்கிளை ஸ்டம்பாக நிறுத்தியவர்கள்.

அப்போதுதான் கிரேஸ் மேடம் எங்கள் நிலைய மேலாளராக வந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒல்லியான உடம்பு, காட்டன் புடவை, உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை. தவறு செய்தவரைத் தன் அறைக்குக் கூப்பிட மாட்டார். அவரே எழுந்து வருவார். வகுப்பில் பயிற்சிக்கு வருபவர்களின் நாற்காலியில் காலியாக இருக்கும் ஒன்றில் உட்கார்ந்து, மௌஸின் மேல் கையை வைத்துக்கொண்டு, "நான் புதுசா வந்திருக்கேன் சார், சொல்லிக் குடுங்க" என்பார். நாம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்த இரண்டாவது நிமிடம், "இது எனக்கு எதுக்கு சார்?" என்று கேட்பார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாதவர் கேட்கிற மாதிரி இருக்கும். கணினியின் நான்காம் தலைமுறையைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோது முதல்முறை அதைக் கேட்டார். நான் ஐந்தாம் தலைமுறைக்குத் தாவப் பார்த்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க" என்று எழுந்து போனார்.

2008 ஜனவரியில் தொடங்கிய வகுப்பில் மரியசெல்வம் சேர்ந்தார். குடிகாட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். சிப்காட்டுக்குள் இருக்கும் ரசாயனத் தொழிற்சாலைகளுக்கு ஏணி, கைப்பிடிக் கம்பி, குழாய்த் தாங்கிகள் செய்து கொடுப்பது அவர் தொழில். வயது ஐம்பத்திரண்டு. பட்டறையில் எட்டுப் பேர். அவருக்கு முக்கால்வாசி வேலை கொடுத்துவந்த தொழிற்சாலை ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. வருகிற அக்டோபரிலிருந்து கொட்டேஷன் எல்லாம் அவர்கள் தரும் எக்செல் படிவத்தில், மின்னஞ்சலில்தான் வர வேண்டும், தாளில் எழுதியது வாங்கப்படாது. செல்வம் அந்தக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். முதல் நாளே பிரித்துக் காட்டினார்.

"இது போச்சுன்னா பட்டறய மூடணும் சார். எட்டுக் குடும்பம். எப்படியாவது சொல்லிக் குடுத்துடுங்க."

சொல்லிக் கொடுத்தேனா? அவர் கை பெரிய கை. தீப்பொறி பட்டுப் பட்டு விரல் நுனி மரத்துப்போயிருந்தது. டபுள் கிளிக் செய்யச் சொன்னால் மௌஸ் மேஜையை விட்டே ஓடியது. மூன்றாம் முறை ஓடியபோது நான், "இது வெல்டிங் மிஷின் இல்ல செல்வம், எலி. அமுக்குனா செத்துடும்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்த வகுப்புக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த நான்கு வகுப்புக்கும் வரவில்லை.

மேடம் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே வந்து, செல்வத்தின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இவர் ஏன் வரல சார்?"

"அக்கறை இல்ல மேடம். ஞாயித்துக்கிழமை பூரா கிரிக்கெட் கிரவுண்ட்லயே கிடப்பாராம்."

"அப்ப இருக்கற இடம் தெரியுது. போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை திருவந்திபுரம் கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே டிவிஎஸ்ஸை விட்டுக்கொண்டு குடிகாட்டுக்குப் போனேன். ஊர் எல்லையில் ஒரு பொட்டல். டென்னிஸ் பால் மேட்ச். வேப்ப மரத்தடியில் ஒரு பெஞ்ச், அதில் செல்வம். மடியில் நீள நோட்டு, காதில் சிவப்புப் பேனா, கையில் நீலப் பேனா. ஒரு பக்கம் வைடு என்று கத்துகிறார்கள், இன்னொரு பக்கம் இல்லை என்கிறார்கள். இரண்டு பக்கமும் கடைசியில் இவரிடம்தான் வந்து, "மாமா, எத்தினி பால் ஆச்சு?" என்று கேட்கிறார்கள். இவர் நிமிர்ந்து பார்க்காமலே சொல்கிறார். சொன்னதும் சண்டை முடிகிறது. என் வகுப்பில் எலியைக் கண்டு பயந்த மனிதரா இவர் என்று இருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் வந்த காரியத்தைச் சொல்லவில்லை. கோயில் பொங்கல் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு நோட்டை வாங்கிப் பார்த்தேன்.

கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. குறுக்கு வரிசையில் பேட்ஸ்மேன்கள், பக்கவாட்டில் பந்து பந்தாக ரன். கீழே பந்து போட்டவர்கள், ஓவர், கொடுத்த ரன். கடைசியில் ஒரு கூட்டல். ஆட்டக்காரர்கள் அடித்ததும் உபரி ரன்னும் சேர்ந்த தொகை ஒருபுறம், ஓவர் ஓவராக வந்த தொகை மறுபுறம். இரண்டும் ஒன்றாக வந்தால் சிவப்புப் பேனாவில் ஒரு டிக். இருபது வருட நோட்டுகள் வீட்டில் இருக்கின்றன என்றார்.

"டிக் வரலன்னா?"

"வர வரைக்கும் யாரையும் கிரவுண்ட வுட்டுப் போவ வுடமாட்டேன் சார்."

எக்செல்லில் நான் சொல்லித் தர வேண்டியது எல்லாம் அந்த நோட்டில் இருந்தது. கட்டம், வரிசை, கூட்டல், சரிபார்ப்பு. எனக்கு வெட்கமாக இருந்தது. எலிப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் பொங்கலைப் பிரித்துக்கொண்டே, "வுடுங்க சார், டக் அவுட் ஆகாதவன் யாரு" என்றார். அந்த வாரமே வகுப்புக்குத் திரும்பினார்.

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். அவர் வழக்கம்போல் நாற்காலியில் உட்கார்ந்து, "சொல்லிக் குடுங்க" என்றார். நான் முதல்முறையாகக் கணினியின் வரலாறு இல்லாமல் ஆரம்பித்தேன். நேற்றைய மேட்ச்சின் ரன்களை அடிக்கச் சொன்னேன், கூட்டச் சொன்னேன். அவர் கூட்டினார். "இது எனக்கு எதுக்கு?" என்ற கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "அடுத்தது?" என்றார்.

அப்படித்தான் பாடத்திட்டம் மாறியது. முதல் நாளே ஸ்கோர் ஷீட். இரண்டாம் வாரம் சராசரி. மூன்றாம் வாரம் இணையத்தில் ஏதாவது ஒரு மேட்ச்சின் ஸ்கோரைத் தேடி எடுக்க வேண்டும். பிறகு மின்னஞ்சல். இதற்கு மேடம் ஒரு வழி சொன்னார். கடலூர் வகுப்பில் இரண்டு அணி, சிதம்பரம் வகுப்பில் இரண்டு அணி, ஊர்ப் பையன்களையும் சேர்த்துக்கொள்ளலாம், செப்டம்பரில் போட்டி. ஒவ்வொரு பயிற்சி மேட்ச்சுக்கும் ஆட்டக்காரர் பட்டியலை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மின்னஞ்சலில் இணைத்து அனுப்ப வேண்டும். ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு வந்தால் அந்த அணி ஆட முடியாது. தாளில் எழுதிக்கொண்டு வந்தால் வாங்க மாட்டோம். தொழிற்சாலை என்ன சொன்னதோ அதையே நாங்களும் சொன்னோம், ஆனால் இங்கே தோற்றால் பட்டறை மூடாது. முதல் வெள்ளிக்கிழமை சிதம்பரம் அணி ஒன்று பட்டியலை இணைக்காமல் வெறும் மின்னஞ்சலை அனுப்பி ஆட்டத்தை இழந்தது. அதன் பிறகு இணைக்க மறந்தவர் ஒருவரும் இல்லை.

அந்த அணியின் தலைவர் கலியமூர்த்தி. தெற்கு வீதியில் அச்சகம் வைத்திருந்தார். வாய் ஓயாத மனிதர். செல்வத்தைப் பயிற்சி மேட்ச்சில் பார்த்த முதல் நாளே மச்சான் ஆக்கிக்கொண்டார். "இன்னா மச்சான், மௌஸ வெல்ட் பண்ணி ஒட்ட வச்சிட்டியா?" என்று அவர் கேட்டால் செல்வத்துக்கு வலிக்கவில்லை. நான் கேட்டபோது வலித்தது. வாசுகி, இதைக் குறித்துக்கொள்.

எல்லோருக்கும் கிரிக்கெட் பிடிக்கும் என்று நான் சொல்லவில்லை. சிதம்பரத்தில் ஜெயந்தி என்று ஒரு அம்மா, ஊறுகாய் வியாபாரம். "எனக்கு எதுக்கு சார் இந்த ரன்னு கணக்கு?" என்று மேடத்தின் கேள்வியையே கேட்டார். விசாரித்தால் பள்ளியில் கோகோ அணியின் தலைவியாம். அந்த அணியில் இருந்தவர்களின் பெயரையும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் ஒரு ஷீட்டில் போடுங்கள் என்றேன். போட்டார், ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார், அவர்களே அவருக்கு வெளியூர் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். செப்டம்பர் போட்டியில் மைக்கைப் பிடித்தவரும் அவர்தான். ஆண்களை அதட்டி ஆட்டத்தை நேரத்துக்குத் தொடங்கவைக்க அவரைவிட்டால் ஆள் இல்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

போட்டி சிதம்பரத்தில். அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, செல்வத்துக்குத் தொழிற்சாலையிலிருந்து அந்தப் படிவம் அக்டோபருக்கு முன்பே வந்துவிட்டது. ஆலைக்குள் ஏணிகளையும் கைப்பிடிகளையும் புதிதாகப் போடும் பெரிய வேலை. திங்கள் காலை பத்து மணிக்குள் கொட்டேஷன் போய்ச் சேர வேண்டும். நிலையத்துக் கணினியில் உட்கார்ந்து அவரே அடித்தார். நாற்பத்து மூன்று வரி. அளவுகளைத் தன் பட்டறைப் பழக்கப்படி போட்டார். ஐந்து அடி ஆறு அங்குலம் என்றால் 5.6. இங்கே தச்சரிலிருந்து கொத்தனார் வரை எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். நான் பக்கத்து மேஜையில் போட்டிக்கான ரன் விகித ஷீட்டைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அதில் எனக்கு அலாதிப் பெருமை.

"சார், அஞ்சு புள்ளி பத்துன்னு போட்டா அந்த சைபர் ஓடிப் போவுது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "பரவாயில்ல செல்வம், கடைசி சைபர்தானே. மதிப்பு மாறாது" என்றேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த மிகப் பெரிய தவறு அந்த ஒரு வரி.

அவர் என்னை நம்பினார். ஷீட்டைச் சேமித்துவைத்தார். திங்கள் காலை ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புவதாக ஏற்பாடு.

ஞாயிறு மதியத்துக்குள் லீக் ஆட்டங்கள் முடிந்தன. எட்டு ஓவர் ஆட்டங்கள். ஓர் அணி எளிதாக இறுதிக்குப் போய்விட்டது. இரண்டாம் இடத்துக்குச் செல்வத்தின் குடிகாடு அணியும் கலியமூர்த்தியின் தெற்கு வீதி அணியும் சமமாக நின்றன. எங்கள் விதிப்படி, எடுத்த மொத்த ரன்னை ஆடிய மொத்த ஓவரால் வகுத்து, யாருடைய விகிதம் அதிகமோ அவர்கள் இறுதிக்கு. என் ஷீட்டை மடிக்கணினியில் திறந்தேன். பட்டனைத் தட்டினேன். குடிகாடு 8.32, தெற்கு வீதி 8.14. ஜெயந்தியிடம் மைக்கை வாங்கி நானே அறிவித்தேன். குடிகாட்டுப் பிள்ளைகள் பானையைத் தட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

செல்வம் பெஞ்சை விட்டு எழவில்லை. என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"சார், டிக் வர மாட்டேங்குது."

"எங்க?"

"எங்க டீமு மூணு ஆட்டத்துல ஆடுனது ஆறு புள்ளி நாலு, ஏழு புள்ளி அஞ்சு, இன்னொரு ஏழு புள்ளி அஞ்சு. உங்க கம்ப்யூட்டர் இருவத்தோரு ஓவர் நாலு பால்ங்குது. என் நோட்டுல இருவத்திரண்டு ஓவர் ரெண்டு பால் வருது."

"கம்ப்யூட்டர் தப்பாக் கூட்டாது செல்வம்."

இதைச் சொன்னபோது எனக்குப் பின்னால் கிரேஸ் மேடம் நின்றிருந்தார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் புதுசா வந்திருக்கேன் சார். ஆறு புள்ளி நாலுன்னா என்ன?"

"ஆறு ஓவர், நாலு பந்து மேடம்."

"ஓவருக்கு எத்தனை பந்து?"

"ஆறு."

"அது இதுக்குத் தெரியுமா? யாராவது சொன்னீங்களா?"

எனக்குக் காது சூடானது. கணினிக்குப் புள்ளி என்றால் பத்தில் ஒரு பங்கு. நாலும் ஐந்தும் ஐந்தும் பதினாலு என்று கூட்டி, அதில் பத்தை எடுத்து ஒரு ஓவராக்கிவிட்டு, மீதி நாலை வைத்துவிட்டது. ஆறு பந்துக்கு ஒரு ஓவர் என்று போட்டிருந்தால் இரண்டு ஓவர் இரண்டு பந்து வந்திருக்கும். செல்வம் நோட்டின் மூலையிலேயே போட்டுக் காட்டினார். சரியாகப் போட்டால் குடிகாடு 7.97, தெற்கு வீதி 8.12. அதாவது, அவர் தன் அணியையே இறுதி ஆட்டத்திலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்.

அதற்குள் அவருடைய ஆட்டக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் நேராகவே கேட்டான். "மாமா, கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. நீ எதுக்கு மாமா வாயத் தொறந்த?"

"நோட்டு எங்கிட்ட இருக்குதுடா" என்றார் செல்வம்.

மேடம் என்னைப் பார்த்தார். மைக்கை நீட்டினார். நான் போய், கணக்குத் தப்பு, தப்பு என்னுடையது, இறுதிக்குப் போவது தெற்கு வீதி என்று சொன்னேன். முப்பது வருடத்தில் ஒருமுறைகூடப் பொது இடத்தில் தப்பு என்று சொன்னவனில்லை நான். சொல்லி முடித்தபோது முதலில் கை தட்டியவர் கலியமூர்த்தி. அவருக்கென்ன, இறுதிக்குப் போகிறார், தட்டுவார்.

மூன்று மணிக்கு இறுதி ஆட்டம். செல்வமே ஸ்கோர் எழுதினார். இரண்டாவது ஓவரோ மூன்றாவதோ, பேனா நின்றுவிட்டது. "இப்ப என்ன சார் போச்சு, ஒண்ணா ரெண்டா?" என்று என்னைக் கேட்டார். இருபது வருடத்தில் அவர் பந்தைத் தவறவிட்டது அதுதான் முதல் முறையாக இருக்கும். அவர் முகம் வெளுத்திருந்தது.

"சார், அடிக்கு எத்தினி அங்குலம்னு அதுக்கு யாரு சொன்னா?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்து அடி பத்து அங்குல ஏணியை 5.10 என்று போட்டார். சைபர் ஓடிப்போய் 5.1 என்று நிற்கிறது. படிப்பவர்களுக்கு அது ஐந்து அடி ஒரு அங்குலம். ஏணிக்கு ஒன்பது அங்குல இரும்பு காணோம். அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்று தெரியாமல் கணினி போட்ட மொத்தக் கூட்டலும் கோளாறு. அதை அப்படியே அனுப்பி, வேலையும் கிடைத்திருந்தால், குறைந்த அளவுக்கு ஒப்புக்கொண்டு முழு அளவுக்கு ஏணி செய்ய வேண்டியிருக்கும். பட்டறை தாங்காது. சைபர் ஓடியதை அவர் வெள்ளிக்கிழமையே என்னிடம் சொன்னார். பரவாயில்லை என்றவன் நான்.

மேடத்திடம் சொன்னோம். இப்போதே கடலூர் போய் உட்காருகிறேன் என்று நான் துடித்தேன். அவர், "பதட்டத்துல அடிச்சா இன்னொரு தப்பு வரும். காலைல ஏழு மணிக்கு நான் சாவியோட வரேன்" என்றார். பிறகு செல்வத்திடம், "நீங்க இப்ப ஸ்கோர் எழுதுங்க" என்றார். அவர் எழுதினார்.

திங்கள் காலை. அப்போதெல்லாம் தினமும் மின்வெட்டு. எங்கள் பகுதிக்கு அந்த மாதம் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. ஆகவே கெடு பத்து மணி அல்ல, ஒன்பது. ஏழு மணிக்குப் போனால் வாசலில் செல்வமும் மேடமும், கூடவே கலியமூர்த்தியும். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். "எனக்கு ஃபைனல் குடுத்தவன் சார், வராம எப்படி" என்றார்.

நான் கீபோர்டின் முன்னால் உட்காரப் போனேன். என் விரலுக்கு அது இருபது நிமிட வேலை. மேடம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அடிச்சா இது உங்க கொட்டேஷன் சார். அடுத்த மாசம் இன்னொண்ணு வந்தா?"

செல்வம் உட்கார்ந்தார். அளவு இருந்த வரிசையை நீக்கிவிட்டு அடிக்கு ஒரு வரிசை, அங்குலத்துக்கு ஒரு வரிசை என்று பிரித்தார். மூன்றாவது வரிசையில், அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்து அடியோடு கூட்டு என்று சூத்திரம். அந்த ஒன்றைத்தான் நான் வாயால் சொன்னேன். கலியமூர்த்தி பட்டறை நோட்டைப் பார்த்து அளவு படிக்க, செல்வம் ஒரு விரலால் அடித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் விரல் காற்றில் ஒரு நொடி நிற்கும், பிறகு இறங்கும். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். என் ஆயுளில் அதைவிட நீளமான ஒன்றரை மணி நேரம் இல்லை.

எட்டு முப்பத்தைந்துக்கு நாற்பத்து மூன்று வரியும் முடிந்தது. அனுப்பிவிடலாம் என்றேன். "டிக் வரல சார்" என்றார். மொத்த நீளத்தைத் தாளில் கையால் கூட்டினார். ஒன்பது அங்குலம் இடித்தது. எல்லோரும் வரி வரியாகத் தேடினோம். இருபத்தாறாம் வரியில் பத்துக்குப் பதில் ஒன்று விழுந்திருந்தது. திருத்தினார். இரண்டு தொகையும் ஒன்றாக வந்தன. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துத் தாளில் ஒரு டிக் போட்டார். மின்னஞ்சலைத் திறந்தார், படிவத்தை இணைத்தார், இணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார், அனுப்பினார். எட்டு ஐம்பத்து நான்கு. ஆறு நிமிடம் கழித்து மின்விசிறி நின்றது.

அந்த வேலை அவருக்குக் கிடைத்தது. பட்டறை இன்றும் இருக்கிறது. இறுதி ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது முக்கியமில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் ஜெயித்தது தெற்கு வீதி. அதைச் சொல்லாவிட்டால் கலியமூர்த்தி என் வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டுவார். சொந்த அச்சகம் இருப்பவரைப் பகைத்துக்கொள்ள முடியாது.

அந்த நிலையம் எனக்குச் சோறு போட்டது. ஆனால் நான் நன்றி சொல்ல வேண்டியது அந்தத் திங்கட்கிழமை அறையில் இருந்தவர்களுக்கு. என்னை நாற்காலியில் உட்கார விடாத மேடத்துக்கு. தப்பு என்னுடையது என்று தெரிந்தும், இன்றுவரை அந்தச் சைபரைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காத செல்வத்துக்கு. அதற்குப் பிறகு பயிற்சிக்கு வருபவர் யாராவது சின்னதாகச் சந்தேகம் கேட்டால் நான் எழுந்து போய்ப் பார்க்காமல் பதில் சொன்னதில்லை.

2012 மே மாதக் கடைசி நாளில் ஓய்வு பெற்றேன். முப்பத்திரண்டு வருடம் பத்து மாதம். நிலையத்தில் விழா வைத்தார்கள். மாற்றலாகிப் போயிருந்த மேடம் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். செல்வமும் கலியமூர்த்தியும் மூன்றாம் வரிசை. பெயர் பொறித்த மரப்பலகை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். கையில் வாங்கிப் படித்தேன். தேவநாதன், கணினிப் பயிற்றுநர், பணிக்காலம் 32.1 ஆண்டுகள். வாசுகி, நீதான் அந்த விவரத்தை எக்செல்லில் அடித்துப் பலகைக் கடைக்கு அனுப்பியிருந்தாய். புதிதாக வந்த பெண், நல்ல நாளில் எதற்கு என்று நான் வாயைத் திறக்கவில்லை. போட்டோவுக்காகப் பலகையைத் தூக்கிப் பிடித்தேன்.

மூன்றாம் வரிசையில் செல்வம் எழுந்து நின்றார்.

"சார், ஒம்பது மாசம் காணோம்."

கூட்டம் முதலில் விழித்தது. மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நீ முகம் சிவந்துபோய் ஓடி வந்தாய், "சாரி சார், நாளைக்கே மாத்திக் குடுத்துடறேன்" என்றாய். கலியமூர்த்தி தன் அச்சகத்திலேயே ஸ்டிக்கர் அடித்து ஒட்டித் தருவதாகச் சொன்னார்.

எனக்குக் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க, மேடையிலிருந்தே விளையாட்டாகக் கேட்டேன். "எந்த ஒம்பது மாசம்யா போச்சு?"

செல்வம் யோசிக்கவே இல்லை.

"நாங்க கிளாசுக்கு வந்த வருஷம் ஜனவரிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் சார். அது எங்கயும் போவல. எங்ககிட்டதான் இருக்குது."

பலகையை மாற்ற வேண்டாம் என்று உன்னிடம் ஏன் சொன்னேன் என்று நீ அப்போது கேட்டாய். இப்போதும் அது எங்கள் கூடத்தில் அப்படியேதான் மாட்டியிருக்கிறது.